ஒரே கருப்புத் திரை, இரண்டு காரணங்கள்: திருப்பூரில் ஒரு லினக்ஸ் கணினிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போட்ட நிகழ்வு

பின்னணி

திருப்பூர் பி.என். ரோட்டை ஒட்டி ஒரு சிறிய டிசைன் அலுவலகம். கீழே கட்டிங் செக்‌ஷன், மாடியில் டிசைன் வேலை. குழந்தைகள் பின்னலாடைக்குப் பிரிண்ட் வரைந்து கொடுப்பது இவர்கள் தொழில். துணியில் சாம்பிள் தைத்து அனுப்புவதற்கு முன்பே ஆடையை முப்பரிமாணப் படமாகக் காட்டுங்கள் என்று சில பையர்கள் கேட்க ஆரம்பித்த பிறகு, இங்கே பிளெண்டர் மென்பொருள் வந்தது.

கணினி 2018-இல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ5-8400 பிராசஸர், 16 ஜிபி ரேம், என்விடியா ஜிடி 710 கார்டு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12. லினக்ஸ் போட்டதற்குக் காரணம் லைசென்ஸ் செலவு மட்டுமல்ல. அங்கிருக்கும் வடிவமைப்பாளர், ஒரு ஆடையை எல்லா நிறத்திலும் எல்லாக் கோணத்திலும் தானாகவே ரெண்டர் செய்யும்படி, அதாவது முப்பரிமாண மாதிரியிலிருந்து முழுப் படமாக்கும்படி, பைத்தான் மொழியில் சில ஸ்கிரிப்டுகள் எழுதி வைத்திருக்கிறார். அலுவலகத்தின் வேலையே அவற்றின் மேல்தான் ஓடுகிறது.

ஜிடி 710 வெறும் 19 வாட் கார்டு. திரையில் படம் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ரெண்டர் எல்லாம் பிராசஸர் தலையில். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 25 நிமிடம். 4 கோணம், 6 நிறம் என்றால் 24 படம், 10 மணி நேரம். ராத்திரி ஓட விட்டுப் போனால், காலையில் ஒரு நிறம் தப்பாக இருந்தாலும் இன்னொரு ராத்திரி போய்விடும்.

கார்டு தேர்வு

உரிமையாளர் என்னிடம் கேட்டபோது 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 போதும் என்றேன். திரைக்கு மட்டும் என்றால் ஏஎம்டி கார்டைத்தான் சொல்லியிருப்பேன். அதை இயக்கும் டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏறும் சிறு மென்பொருள்) பொதியைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் வேறு வேலை இல்லை. இங்கே தேவை பிளெண்டர் ரெண்டர். என்விடியாவின் ரெண்டர் நூலகமான ஆப்டிக்ஸ் வழியாக அது நன்றாக ஓடும். துணி நெசவை நெருக்கமாகக் காட்டும் டெக்ஸ்சர்கள் நினைவகத்தை நிறையத் தின்னும் என்பதால் 12 ஜிபி முக்கியம்.

கார்டை உள்ளூர்க் கடை ஒன்றில் வாங்கினார்கள். போட்டுக் கொடுக்கவும் அங்கிருந்தே ஒரு பையன் வந்தார்.

முதல் முயற்சி

பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்ட வரிசை இது. கணினியை அணைத்தார்கள். பழைய கார்டைக் கழற்றிப் புதியதைச் செருகினார்கள். இருந்த எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கார்டுக்கான 8 பின் ஒயர் இல்லை. அதனால் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் இரண்டு பழைய மோலெக்ஸ் ஒயர்களை ஒரு கன்வெர்ட்டரில் சேர்த்து மின்சாரம் கொடுத்தார்கள். ஆன் செய்தால் போர்டு கம்பெனி லோகோ வந்தது, அப்புறம் திரை கருப்பு.

பழைய கார்டைத் திரும்பப் போட்டார்கள். அதுவும் கருப்பு. மதர்போர்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டி, கணினி தொடங்கும் அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸை ரீசெட் செய்தார்கள். அப்போதும் கருப்புதான்.

“அண்ணா, லினக்ஸ்ல இதெல்லாம் வராதுங்க. சிஸ்டமும் கரப்ட் ஆயிருச்சு. டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுக்கலாங்க” என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறார். வடிவமைப்பாளர் சம்மதிக்கவில்லை. “ஃபைல் எல்லாம் அதுலதானுங்க இருக்குது. அந்தத் தம்பி வந்து பாக்கற வரைக்கும் யாரும் தொடாதீங்க” என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டு எனக்கு அழைத்தார். இந்த நிகழ்வில் மிகச் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அதுதான் என்பேன்.

நேரில் கண்டவை

நான் போனபோது பழைய கார்டுதான் உள்ளே இருந்தது. ஆன் செய்ததும் லோகோ தெரிந்தது, கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு தெரிந்தது, கெர்னலின் முதல் சில வரிகள் ஓடின, பிறகு கருப்பு. இடது மூலையில் ஒரு கர்சர் மட்டும் மினுக்கியது.

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். லோகோவை வரைவது கார்டுதான். லோகோ தெரிகிறது என்றால் கார்டும் கேபிளும் மானிட்டரும் வேலை செய்கின்றன. புது கார்டிலும் லோகோ வந்தது என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். ஆக, கார்டு செத்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை. கெர்னல் எழுந்த பிறகு திரையை யார் ஏற்றுக்கொள்வது என்ற இடத்தில்தான் ஏதோ அறுந்திருக்கிறது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்து வடிவில் லாகின் கேட்டது. கணினி நலமாகத்தான் இருந்தது, வரைகலைத் திரை மட்டும் எழவில்லை. ரெண்டர் படங்களை எடுப்பதற்காக வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் ஏற்கனவே போட்டிருந்ததால், வடிவமைப்பாளரின் லேப்டாப்பிலிருந்தே உள்ளே நுழைந்து, கணினி எழுதி வைத்த பதிவுகளைப் (லாக்) படித்தோம்.

மூன்று விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, என்விடியா டிரைவர் டெபியன் பொதியாக நிறுவப்பட்டதல்ல. என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பாக (தானே நிறுவிக்கொள்ளும் கோப்பு) இறக்கி, 470 வரிசை டிரைவரை நேரடியாக ஓட்டியிருந்தார்கள். டிகேஎம்எஸ் சேர்க்கவில்லை. கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரின் மாட்யூலை, அதாவது கெர்னலில் ஏறும் துண்டை, தானாக மறுபடி கட்டித் தருவது டிகேஎம்எஸ். அது இல்லாவிட்டால், எந்தக் கெர்னலுக்காகக் கட்டினோமோ அதோடு சரி.

இரண்டாவது, பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக இறங்கும்படி வைத்திருந்தார்கள். புதுக் கெர்னல் ஒன்று ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் ராத்திரி ரெண்டர் காரணமாகக் கணினியை யாரும் பல வாரங்களாக அணைக்கவில்லை. கார்டு மாற்றுவதற்காக அணைத்ததுதான் அந்தக் கெர்னலுக்கு முதல் பூட்.

மூன்றாவது, ரன் கோப்பு நிறுவும்போது நூவோ டிரைவரைத் தடுக்கும் ஒரு சிறு கோப்பை எழுதி வைக்கும். நூவோ என்பது கெர்னலோடு வரும் திறந்தமூல என்விடியா டிரைவர். அந்தத் தடுப்பு அப்படியே இருந்தது. புதுக் கெர்னலில் என்விடியா மாட்யூலும் இல்லை, நூவோவுக்கும் அனுமதி இல்லை. வரைகலைத் திரையை நடத்தும் எக்ஸ் சர்வரின் அமைப்புக் கோப்போ என்விடியா டிரைவரைத்தான் பிடிவாதமாகக் கேட்டது. கேட்டது கிடைக்காமல் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

சுருக்கமாகச் சொன்னால், அன்றைக்கு யாரும் கார்டைத் தொடாமல் வெறுமனே ரீபூட் செய்திருந்தாலும் இதே கருப்புத் திரைதான் வந்திருக்கும். கார்டு மாற்றமும் கெர்னல் மாற்றமும் ஒரே நிமிடத்தில் நடந்ததால் பழி கார்டின் மேல் விழுந்தது. பழைய கார்டைப் போட்டும் வராதபோது சந்தேகம் போர்டுக்கும் டிஸ்க்குக்கும் தாவியது.

இரண்டாவது கருப்பு

காரணம் இதுதான் என்றால், கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தால் பழைய கார்டில் திரை வர வேண்டும். தேர்ந்தோம். வரவில்லை.

மறுபடி லேப்டாப்பிலிருந்து பதிவைப் படித்தோம். இந்த முறை செய்தி வேறு. மாட்யூல் இருக்கிறது, ஆனால் கையொப்பம் இல்லாததை ஏற்க முடியாது என்று கெர்னல் மறுத்திருந்தது. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் உள்ளே விடும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் வரும் செய்தி அது. பயாஸில் போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது. முன்பு யாரோ அணைத்து வைத்திருந்த செக்யூர் பூட், பேட்டரியைக் கழற்றி ரீசெட் செய்தபோது ஆரம்ப நிலைக்குத் திரும்பி ஆன் ஆகிவிட்டது. ரன் கோப்பு கட்டிய மாட்யூலுக்குக் கையொப்பம் கிடையாது.

கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு முறையும் அதே கருப்பு, அதே கர்சர். பதிவில் மட்டும்தான் வேறுபாடு. முதல் முறை மாட்யூல் இல்லை, இரண்டாம் முறை மாட்யூலை உள்ளே விடவில்லை. திரையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் இதை ஒருநாளும் பிரித்தறிய முடியாது. லினக்ஸில் கார்டு போடும் யாரையும் நான் வற்புறுத்துவது இதைத்தான்: ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் பதிவைப் படியுங்கள்.

செக்யூர் பூட்டை அணைத்துப் பழைய கெர்னலில் ஏறினோம். திரை வந்தது. முதல் வேலையாக வடிவமைப்பாளரின் கோப்புகள் முழுவதையும், கணினியின் அமைப்புக் கோப்புகளையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். நகல் முடியும்வரை வேறு எதையும் தொடவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பழைய கெர்னல், பழைய டிரைவரோடு புது கார்டைச் செருகிவிடலாமே என்று உரிமையாளர் கேட்டார். 470 வரிசைக்கு 3060 தெரியும்தான். ஆனால் அந்த வரிசைக்கு என்விடியாவின் ஆதரவு 2024-ஓடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத கெர்னலையும் டிரைவரையும் கட்டிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? அதனால் ரன் கோப்பின் சொந்த நீக்கும் கட்டளையாலேயே பழைய டிரைவரை நீக்கினோம். எக்ஸ் அமைப்புக் கோப்பை ஒதுக்கி வைத்தோம். நூவோ தடுப்புக் கோப்பு போய்விட்டதா என்று பார்த்து, கணினி ஏறும்போது முதலில் படிக்கப்படும் தொடக்க ரேம் படிமத்தைப் புதுப்பித்தோம். அந்தப் படிமத்தைப் புதுப்பிக்காவிட்டால், கோப்பை அழித்தும் தடுப்பு உயிரோடு இருக்கும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

அடுத்து, கார்டே இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பார்த்தோம். ஐ5-8400-க்குள்ளேயே இன்டெல் யுஹெச்டி 630 கிராபிக்ஸ் இருக்கிறது. மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே மாட்டிப் புதுக் கெர்னலில் ஏறினோம். எந்த டிரைவரும் போடாமல் திரை சுத்தமாக வந்தது. இதுதான் நம் தரைமட்டம். இனி எது கெட்டாலும் இங்கே திரும்பி வந்துவிடலாம்.

இதிலிருந்தே இன்னொரு முடிவும் வந்தது. திரையை நிரந்தரமாக இன்டெல்லிடமே விட்டுவிட்டு, புது கார்டை ரெண்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 12 ஜிபியும் ஏறக்குறைய முழுதாக பிளெண்டருக்குக் கிடைக்கும். என்விடியா டிரைவர் என்றைக்காவது உடைந்தாலும் திரை போகாது, உட்கார்ந்து சரிசெய்யலாம். விளையாட்டுக்கு வாங்குபவருக்கு இது பொருந்தாது. இந்த அலுவலகத்துக்கு மிகப் பொருத்தம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தனிக் கார்டு செருகியதும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும் போர்டுகள் நிறைய உண்டு. பயாஸில் உள் கிராபிக்ஸ் மல்டி மானிட்டர் என்ற அமைப்பை முன்கூட்டியே ஆன் செய்தோம்.

மின்சாரம்

கார்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரைதான் தரும். 8 பின் ஒயர் 150 வாட் வரை தரும். 3060 இழுப்பது 170 வாட். அதாவது பாதிக்கு மேல் ஒயர் வழியாக வர வேண்டும். அதைப் பழைய மோலெக்ஸ் கன்வெர்ட்டர் வழியாக மணிக்கணக்கில் இழுப்பது எனக்குச் சம்மதமில்லை. ராத்திரி ஆள் இல்லாத நேரத்தில் ஓடும் இயந்திரம். கீழே கட்டிங் டேபிள் நிறையத் துணி.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றியதும் அந்த யோசனை உறுதியானது. பின்பக்க வலை முழுக்கப் பஞ்சு படிந்து மெத்தை மாதிரி கெட்டியாக இருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது, கட்டிங் செக்‌ஷனில் அன்று வெட்டிய துணியின் வெளிர்நீலம் உட்பட. இந்த ஊரில் கேபினெட்டைத் தரையில் வைத்தால் இதுதான் கதி. பழையதைச் சுத்தம் செய்து திரும்பப் போடவில்லை. என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்லும் அளவான 550 வாட்டில், சொந்த 8 பின் ஒயர் உள்ள புது எஸ்எம்பிஎஸ் வாங்கினோம்.

உரிமையாளருக்கு இந்தச் செலவு கணக்கில் இல்லை, முகம் சுருங்கியது. பஞ்சுத் துண்டைக் கையில் கொடுத்தேன். “சரிங்க, வாங்கிக்கலாம்” என்றார்.

டிரைவர்

புது கார்டைச் செருகி ஏறினோம். பிசிஐ பட்டியலில் கார்டு தெரிந்தது, நூவோ அதைப் பிடித்துக்கொண்டது. கார்டு, ஸ்லாட், ஒயர் எல்லாம் நலம் என்பதற்கு அதுவே சாட்சி. நூவோவில் குடா (கார்டிலேயே கணக்கு ஓட்டும் என்விடியா முறை), ஆப்டிக்ஸ் கிடையாது என்பதால் ரெண்டருக்கு அது உதவாது.

பொதிகள் எங்கிருந்து இறங்கும் என்று சொல்லும் டெபியன் மூலப் பட்டியலில், கட்டற்ற மென்பொருள் அல்லாத பிரிவுகளைச் சேர்த்தோம். டெபியன் 12-இலிருந்து ஃபர்ம்வேருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அதுவும் வேண்டும். மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் ஹெடரை, கெர்னலோடு சேர்ந்தே ஏறும் பொதுப் பொதியாக நிறுவினோம். குறிப்பிட்ட ஒரு பதிப்பின் ஹெடரை மட்டும் நிறுவினால் அடுத்த கெர்னலில் பழைய கதை திரும்பும். அப்புறம்தான் டெபியனின் என்விடியா டிரைவர், 535 வரிசை. டிகேஎம்எஸ் மாட்யூலைக் கட்டியது.

இப்போது செக்யூர் பூட் கேள்வி. அணைத்தே வைத்திருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் போர்டு பேட்டரி பழசு. அது தீர்ந்தால் பயாஸ் மறுபடி ஆரம்ப நிலைக்குப் போகும், செக்யூர் பூட் ஆன் ஆகும், என்விடியா மாட்யூல் வெளியே நிற்கும். அதனால் செக்யூர் பூட்டை ஆன் செய்து, மாட்யூலில் கையொப்பமிட டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியைக் கணினியில் பதிவு செய்துவிட்டோம். பதியும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் வரும், அங்கே ஒரு விசையை அழுத்தி உள்ளே போய் அதே கடவுச்சொல்லைக் கொடுத்துச் சாவியை ஏற்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் கணினி அது பாட்டுக்கு ஏறிவிடும், சாவி பதியாது. தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் செய்ய முடியாத படி இது. நேரில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பேட்டரியையும் கையோடு மாற்றினோம்.

மாட்யூல் ஏறியது. ஆனால் பிளெண்டரின் அமைப்பில் ஆப்டிக்ஸ் பக்கம் காலியாக இருந்தது. டெபியனில் குடா, ஆப்டிக்ஸ் நூலகங்கள் தனித்தனிப் பொதிகள். இரண்டையும் சேர்த்ததும் கார்டின் பெயர் வந்தது.

விளைவு

25 நிமிடப் படம் 2 நிமிடத்துக்குள் வந்தது. வடிவமைப்பாளரின் ஸ்கிரிப்டில் ரெண்டர் கருவியைக் குறிப்பிடும் வரிகளை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. 24 படக் கலெக்‌ஷன் இப்போது ராத்திரிக்குக் காத்திருப்பதில்லை. பையர் நிறம் மாற்றச் சொன்னால் அன்றைக்கே படம் போகிறது.

யுபிஎஸ் மட்டும் ஒத்துழைக்கவில்லை. 600 விஏ, அதாவது 360 வாட் யுபிஎஸ், பழைய பேட்டரி. ரெண்டர் ஓடும்போது வேண்டுமென்றே சுவர் சுவிட்சை அணைத்தோம். யுபிஎஸ் கத்தியது, கணினியோடு சேர்ந்து அணைந்தது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்பே அறிவித்து வரும், அதற்குத் தயாராகலாம். சொல்லாமல் போகும் கரண்டுக்கு இது ஆபத்து. புது யுபிஎஸ் வாங்கும்வரை கார்டின் மின் வரம்பை 130 வாட்டாகக் குறைத்தோம். அந்த வரம்பு ரீபூட்டில் மறந்துபோகும் என்பதால், பூட் ஆகும்போதே அமைக்கும்படி ஒரு சிறு சர்வீஸ் எழுதி வைத்தோம். ரெண்டர் கொஞ்சம்தான் மெதுவானது. மறுபடி சுவிட்சை அணைத்துப் பார்த்தபோது, வேலையைச் சேமித்து முறையாக அணைக்கும் அளவுக்கு யுபிஎஸ் தாங்கியது.

அதன் பிறகு ஒரு கெர்னல் அப்டேட் வந்தது. டிகேஎம்எஸ் புது மாட்யூலைக் கட்டிக் கையொப்பமும் இட்டது, கணினி தடையின்றி ஏறியது.

இனி மாற்ற வேண்டியவை

எந்த வன்பொருளையும் தொடும் முன், இருக்கிற நிலையிலேயே கணினியை ஒரு முறை ரீபூட் செய்து பார்ப்பது. இந்த ஒரு படி இருந்திருந்தால் மொத்தக் குழப்பமும் கார்டுப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே தெரிந்திருக்கும், பழைய கெர்னலைத் தேர்ந்து நிமிடங்களில் மீண்டிருக்கலாம். பயாஸ் ரீசெட்டைக் கடைசி ஆயுதமாக வைப்பது, அதற்கு முன் பயாஸ் திரைகளை மொபைலில் படம் எடுப்பது. அன்றைக்கு அது எதையும் சரிசெய்யவில்லை, இரண்டாவது பூட்டு ஒன்றைத்தான் போட்டது.

டிகேஎம்எஸ் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2024 பிப்ரவரியில் டெபியன் 12.5-உடன் வந்த கெர்னலில் அப்போதைய என்விடியா மாட்யூல் கட்டவே மறுத்தது. திருத்தம் விரைவில் வந்தாலும் அதற்குள் பலருக்குத் திரை போயிற்று. ஆகவே கெர்னல் அப்டேட்டைத் தானாக இறங்க விடாமல், வேலை முடிந்த சனிக்கிழமை மாலையில் வடிவமைப்பாளர் கையால் போட்டு, மாட்யூல் கட்டப்பட்டதா என்று பார்த்துவிட்டு ரீபூட் செய்கிறார். முந்தைய கெர்னல் ஒன்று எப்போதும் மெனுவில் இருக்கிறது.

கேபினெட் தரையிலிருந்து மேசைக்கு ஏறியது, முன்பக்கம் வலை போட்டோம், மாதம் ஒரு முறை ப்ளோயர்.

ஒன்று இன்னும் தீரவில்லை. கணினி உறங்கி எழுந்தால் பிளெண்டருக்குக் கார்டு தெரிவதில்லை. என்விடியா டிரைவரின் இன்னொரு துண்டான யுவிஎம் மாட்யூலை இறக்கி ஏற்றினால் திரும்ப வருகிறது. எழுந்ததும் அதைத் தானாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாம்தான், ஆனால் ரெண்டர் பாதியில் இருக்கும்போது உறங்கினால் அந்த வேலை போனது போனதுதான். அதனால் இப்போதைக்கு உறக்கத்தையே அணைத்து வைத்திருக்கிறோம். மானிட்டர் மட்டும் அணைகிறது.